நீலத்தில் கிடந்த சிவப்பு

கோழிக்கோடு
12 ஜூலை 1987

அன்புள்ள விலாசினி சேச்சிக்குத் தம்பி சுகதன் எழுதுவது.

நான் சுகம். மழைதான் விடவில்லை. துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளாக ஈரத்தோடு தொங்குகிறது. பிலாயில் வெயில் குறைந்ததா? என் அளியனுக்கு, உன் வீட்டுக்காரருக்கு, இரும்பாலையில் இந்த மாதமும் காலை ஷிப்ட்தானா?

ஒரு செய்தி. இங்கே ஓர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளியில் லேப் டெக்னீஷியன் படிப்பில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருடம். சான்றிதழ் கையில் வந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரி, இல்லையென்றால் கல்ஃப் என்று அச்சன் நம் ஊர் புல்பள்ளி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கண் பரிசோதனைச் சீட்டு வேண்டும் என்றார்கள். பக்கத்து டவுன் பத்தேரியில் டாக்டர் சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரை படித்தேன், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நேற்று முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். என் விரலில் குத்தி எடுத்த என் இரத்தம்தான். ஒரு துளி அவ்வளவு பெரிய ஊராக இருக்கும் என்று நினைக்கவில்லை. வட்ட வட்டமாக, நடுவில் மெல்லக் குழிந்து, ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு மிதக்கின்றன. சில இடங்களில் தோசை அடுக்கியது போல வரிசையாக நிற்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்ததில் மணி அடித்தது கேட்கவில்லை. எங்களுக்குச் சொல்லித் தரும் தங்கப்பன் சார் வந்து தோளைத் தொட்டு, "எடா, அங்கேயே குடியேறிட்டியா?" என்றார். எனக்கு உண்மையிலேயே திரும்பி வர மனமில்லை.

உடனே பதில் எழுது. அளியனைக் கேட்டதாகச் சொல்.

உன் சுகதன்


கோழிக்கோடு
23 ஆகஸ்ட் 1987

அன்புள்ள சேச்சி,

சுகம்தானே? என் கடிதம் கிடைக்கவில்லையோ என்று இதை எழுதுகிறேன். நாற்பது நாள் ஆகிறது. ஓணம் வரப்போகிறது, அதற்காவது உன் கையெழுத்து வரும் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு நீ எழுதியிருக்கிறாயாம். அதில் என் படிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று அம்மா சொன்னாள்.

என் பக்கத்து மேசையில் சைனபா என்று ஒரு பெண். பொன்னானிக்காரி. வாய் ஓயாது. சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பரிசோதனை செய்தோம். டெஸ்ட் ட்யூபில் நீலத் திரவம், அதில் எட்டுச் சொட்டு, பிறகு கொதிக்க வைக்க வேண்டும், சர்க்கரை இருந்தால் நிறம் மாறும். அவள் தன் ட்யூபைத் தூக்கிப் பிடித்து, "பாரு, எங்க ஊர்க் கடல்ல சூரியன் விழற மாதிரி இருக்கு" என்றாள். நான் அதன் அடியில் பொடி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமே இல்லாமல், பனி இறங்குவது போல.

சிறுநீரில் கிடக்கும் படிகங்கள் இன்னும் அழகு. சில கடித உறை மாதிரி, நான்கு மூலையிலிருந்தும் கோடு வந்து நடுவில் சேரும். என் நோட்டில் வரைந்திருக்கிறேன். வகுப்பில் என் படங்களைத்தான் எல்லோரும் பார்த்து வரைகிறார்கள். பென்சிலால் மட்டும் வரைந்தால் போதாது, வண்ணமும் தீட்டவேண்டும் என்று சார் சொன்னார். அதைப் பிறகு பார்க்கலாம்.

நீ ஏன் எழுதவில்லை?

சுகதன்


பிலாய்
4 அக்டோபர் 1987

பிரியமுள்ள குட்டனுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. இங்கே இருவரும் சுகம். குவார்ட்டர்ஸ் மாறினோம், அந்த அலைச்சலில் எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? உனக்குப் புழுங்கலரிசி இல்லாவிட்டால் ஆகாது.

படிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். நல்லதுதான். ஆனால் யோசித்தாயா? இங்கே ஆலையில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். ஃபிட்டர், வெல்டர் என்று எதுவானாலும் அளியன் ஒரு வார்த்தை சொல்ல முடியும். இல்லையென்றால் உனக்குப் படம் வரையக் கை இருக்கிறது, டிராஃப்ட்ஸ்மேன் படிக்கலாம். இன்னும் மூன்று மாதம்தானே ஆகிறது, விட்டுவிட்டு வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அச்சனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

புதிய வீட்டின் பின்வாசலிலிருந்து ஆலை தெரிகிறது. சாயங்காலம் உலைக் கசடைக் கொண்டுவந்து மேட்டில் கொட்டுவார்கள். அப்போது வானம் ஒரு மாதிரி ஆகிறதே, அதை எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ வந்தால் காட்டுகிறேன். நெருப்பு, மலையிலிருந்து தேன் போல வழிந்து இறங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக யோசித்து எழுது.

சேச்சி


கோழிக்கோடு
1 நவம்பர் 1987

சேச்சிக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

இரத்தவியல் பரீட்சையில் வகுப்பில் நான்தான் முதல். உனக்கு இது சந்தோஷம் தருமா என்று தெரியவில்லை. வீட்டில் ஒருவன் வெள்ளைக் கோட்டுப் போடப் போகிறான் என்றால் ஊரில் அன்னியர்கூடச் சிரித்த முகத்தோடு கேட்கிறார்கள். நீ என்னை வெல்டிங் அடிக்கக் கூப்பிடுகிறாய்.

வெள்ளணுக்களில் ஐந்து சாதி. அவற்றை நான் பிரிக்கும் வேகத்தில் சைனபாவால்கூட முடியாது. உள்ளே இருக்கும் கருவின் வடிவத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஒன்றுக்குக் குதிரை லாடம், ஒன்றுக்கு மூக்குக் கண்ணாடி. எனக்கு இந்த வேலை வரும் சேச்சி. இதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

சுகதன்


பிலாய்
3 ஜனவரி 1988

பிரியமுள்ள குட்டனுக்கு,

சுகம். இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது. உன் முதல் மார்க் செய்தியை அளியன் தொழிற்சாலை கேன்டீனில் எல்லோருக்கும் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று நினைக்காதே.

இத்துடன் வரும் பார்சலில் ஒரு ஸ்வெட்டர் இருக்கிறது. நானே பின்னினேன். கோழிக்கோட்டில் தேவைப்படாது. காப்பி பறிக்க வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள். கழுத்துச் சரியாக இருக்கிறதா, நிறம் பிடித்திருக்கிறதா என்று எழுது.

இனிமேல் வேறு வேலை பார்க்கச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். எது பார்த்தாலும் உனக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்திலிருப்பவரைக் கேள். கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அச்சனுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

சேச்சி


கோழிக்கோடு
20 மார்ச் 1988

அன்புள்ள சேச்சி,

சுகம். உன் தவிட்டு நிற ஸ்வெட்டர் அருமை. கழுத்து கச்சிதம். அதைப் போட்டுக்கொண்டுதான் புல்பள்ளியில் பத்து நாள் திரிந்தேன். அச்சனுக்கு முட்டுவலி குறைவு. பனி விலகாத காலையில் காப்பித் தோட்டத்துக்குள் நடந்தபோது, ஸ்லைடுக்கு உள்ளே நடப்பது போலிருந்தது. இலைகளெல்லாம் அணுக்களாக மிதந்தன. இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் அப்படித்தான்.

ஜூனில் எங்களை ஆஸ்பத்திரி லேபில் வேலைக்கு விடுவார்கள். எனக்குச் சளி மேசை. டி.பி. பார்க்கிற இடம். சாயமேற்றிய சளி நீலமாக, விளிம்பில்லாத கடல் போலக் கிடக்கும். அதில் சின்னஞ்சிறு கம்பிகள் கிடந்தால் நோய். பயிற்சி ஸ்லைடுகளில் பார்த்துவிட்டேன். பொறுமைதான் வேண்டும். நூறு இடம் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். அந்த நீலத்தில் நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பேன்.

அளியனைக் கேட்டதாகச் சொல்.

சுகதன்


கோழிக்கோடு
11 செப்டம்பர் 1988

அன்புள்ள சேச்சி,

ஆறு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். நீ போட்ட மூன்று கடிதமும் பெட்டியில் இருக்கின்றன. சுகம் என்று எழுத இன்று கை வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஜூன் கடைசியில் மாதவி என்று ஒருவர் இருமலோடு வந்தார். பீடி சுற்றுகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் மாதவியேச்சி என்றுதான் கூப்பிடுவோம், அவ்வளவு கலகலப்பு. இரண்டு நாள் சளி கொடுத்தார். இரண்டு ஸ்லைடையும் நான்தான் பார்த்தேன். நூறு இடம் நகர்த்தினேன், குறைக்கவில்லை. கிருமி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாதாரண இருமல் மருந்தோடு அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்டில் திரும்ப வந்தார். இரத்தம் கக்கிக்கொண்டு, பாதி உடம்பாக. அன்று அந்த மேசையில் சைனபா இருந்தாள். பார்த்த உடனே நிமிர்ந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பழைய பெட்டியைத் திறந்து, ஜூனில் நான் பார்த்த ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"லென்ஸ்ல தெரியற சுட்டிமுள் நுனியில வச்சிருக்கேன். என்ன தெரியுது?"

"நீலம்."

"நீலத்துல?"

நான் ஃபோகஸ் திருகை முன்னும் பின்னும் திருப்பினேன்.

"சுகதா, செக்கச்செவேல்னு ஏழு எட்டு கிடக்குது. நீ இதைப் பார்க்கலையா, இல்ல உன்னால பார்க்க முடியாதா?"

சேச்சி, அந்த நுனியில் நீலத்தைவிடக் கொஞ்சம் இருண்ட ஏதோ இருந்தது. சாயத் தூசி என்று நினைத்திருப்பேன். நிறைய இருந்தால் வடிவத்தால் கண்டுபிடித்துவிடுவேன். கொஞ்சமாக இருந்தால் எனக்கு அவை கடலோடு கடலாகிவிடுகின்றன. சிவப்பு என்று எல்லோரும் சொல்வது எனக்கு எதுவென்று தெரியாது. என் கண் இப்படி என்று எனக்கு முன்பே தெரியும். முழுதாகத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தேரி டாக்டரின் மேசையில் புள்ளிப் படங்கள் போட்ட புத்தகம் ஒன்று கிடந்தது. அது நிறம் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்கும் புத்தகம் என்று எனக்குத் தெரியும். அவர் திறக்கவில்லை. நான் திறக்கச் சொல்லவில்லை. சர்க்கரைப் பரிசோதனையில் எப்போதும் சைனபா முதலில் சொல்லட்டும் என்று காத்திருப்பேன். வண்ணப் பென்சில்களின் மேல் அந்தந்த நிறத்தின் பெயரை எழுதி வைத்திருந்தேன். உனக்கு இத்தனை கடிதம் எழுதினேன், இதை மட்டும் எழுதவில்லை.

அன்றே தங்கப்பன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதே மாதிரிப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைக் கேட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முதல் பக்கத்து எண்ணைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் புள்ளிகள். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். "நான் சொல்லித் தந்ததிலேயே உன் கைதான்டா நல்ல கை" என்றார். பிறகு, "நாளையிலிருந்து மேசைக்கு வராதே" என்றார். நான் பார்த்த எல்லா ஸ்லைடுகளையும் சைனபாவும் மற்ற மூவரும் இரண்டு வாரம் உட்கார்ந்து திரும்பப் பார்த்தார்கள். இன்னும் ஒன்று கிடைத்தது. ஒரு கிழவர். நல்லவேளை, வேறு இடத்தில் கண்டுபிடித்து அவருக்கு மருந்து தொடங்கியிருந்தார்கள்.

மாதவியேச்சியை வார்டில் போய்ப் பார்த்தேன். ஒன்பது வயது மகளுக்கும் ஒட்டிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் அந்தக் குழந்தை படுத்திருந்தது. என் கண்ணுக்கு அந்த நிறம் தெரியாது, நான்தான் தப்பாக எழுதினேன், அதனால்தான் இப்படி ஆனது என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே மோனே? நான் படிக்காதவ. பீடி எலை பழுத்திருக்கா இல்லையான்னு சந்தேகம்னா பக்கத்துல இருக்கவகிட்டத்தான் கேப்பேன். கேட்டா உங்க கோட்டு அழுக்காயிடுமா?"

பிறகு கட்டிலோரத்து மேசையைக் காட்டினார். "சரி, வந்ததுக்கு அந்தத் தண்ணியை எடுத்துக் குடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

பள்ளியில் இன்னும் முடிவு சொல்லவில்லை. அச்சனுக்கு எழுதவில்லை. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சுகதன்


பிலாய்
29 செப்டம்பர் 1988

என் குட்டனுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அளியன் படித்துவிட்டு வெளியே போய் நின்றார். நாங்கள் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? முதலில் அதை எழுது.

நீ எழுதாததை நீ எழுதிவிட்டாய். நான் எழுதாததை நான் எழுத வேண்டாமா?

எனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயதானபோதிலிருந்தே எனக்குத் தெரியும். காப்பி பறிக்கும்போது உன் கூடையில் பழமும் காயும் கலந்தே இருக்கும். வேண்டுமென்று செய்கிறாய் என்று அச்சன் காப்பிக் கம்பால் அடித்தார். மறுநாள் மரத்தடியில் உன்னிடம் ஒரு காயையும் ஒரு பழத்தையும் நீட்டி எது பழம் என்று கேட்டேன். நீ இரண்டையும் அமுக்கிப் பார்த்துவிட்டு மெத்தென்றிருந்ததைக் காட்டினாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து உன் கூடையை நான்தான் பொறுக்கிச் சரி செய்து அச்சன் முன்னால் வைப்பேன். பள்ளிக்கூடத்து வரைபடங்களுக்கு வண்ணம் அடித்ததும் நான்தான். அம்மாவோடு பிறந்த நம் அம்மாவனுக்கும் இப்படித்தான். ரயில்வேயில் சேரப் போனவரைக் கண் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே சொல்லக்கூடாது என்று அம்மா வாயைப் பொத்தினாள். நானும் பொத்திக்கொண்டேன்.

லேப் படிப்பு என்று நீ எழுதியபோது எனக்கு அந்தக் காப்பிக் கூடைதான் நினைவுக்கு வந்தது. அந்த மூன்று மாதத்தில் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். நீ அவ்வளவு ஆசையாக எழுதியிருந்தாய். அந்த இரத்தத் துளியைப் பற்றி நீ எழுதியதை அளியனுக்கு வாசித்துக் காட்டினேன். அதன் மேல் தண்ணீர் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. ஃபிட்டர், வெல்டர் என்று சுற்றிவளைத்தேன். உனக்குப் பச்சை நூலில் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினேன். ஒருவேளை வளர்ந்ததும் சரியாகியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. நீ தவிட்டு நிறம் என்று நன்றி எழுதினாய். அப்போதாவது நேராக எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் ஜூனில் நீ அந்த மேசையில் உட்கார்ந்திருக்க மாட்டாய். அந்தக் குழந்தை கட்டிலில் கிடக்கிறதே, அதில் எனக்கும் பங்கு உண்டு. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை.

அச்சனுக்கு நானே எழுதுகிறேன். உன் கூடையை நான் சரி செய்து வைத்ததையும் சேர்த்து. உன்னை அடித்த கைக்கு அது தெரியட்டும்.

முடிவு எதுவானாலும் அங்கிருந்து ஓடி வந்துவிடாதே. மாதவியும் மகளும் எழுந்து நடக்கும் வரை போய்ப் பார்.

உன் சேச்சி


திருவனந்தபுரம்
19 நவம்பர் 1989

அன்புள்ள சேச்சிக்கும் அளியனுக்கும்,

சுகம். இதை உண்மையாகவே எழுதுகிறேன். உங்கள் குழந்தைக்கு முதல் பல் வந்துவிட்டதா? குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மா அங்கே குளிரில் எப்படி இருக்கிறாள்?

சான்றிதழ் இல்லை என்பது முடிவாகிவிட்டது. கண் சீட்டு தவறு என்பதால் கடைசிப் பரீட்சை எழுத விடவில்லை. அது சரிதான். சைனபா முதல் வகுப்பில் தேறி மஞ்சேரி ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். போகும்போது, "உனக்குப் பதிலாக் கண்ணு கொடுத்தே என் கண்ணு தேஞ்சுபோச்சு" என்று திட்டிவிட்டுப் போனாள். வாரம் ஒரு கடிதம் வருகிறது. அதைப் பற்றி அம்மாவிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே.

மாதவியேச்சியின் மருந்து முடிந்தது. மகளுக்கும் முடிந்தது. நான் கோழிக்கோட்டை விட்டுப் புறப்பட்ட அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பெண் கிணற்றடியில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்காமல் எண்பது வரை எண்ணியது. நான் நின்று கேட்டேன்.

அச்சன் ஒருமுறை கோழிக்கோடு வந்தார். உன் கடிதத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பஸ் ஏறும் முன் என் தோளில் கை வைத்து, "வலிச்சுதாடா அப்ப?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

தங்கப்பன் சார் கொடுத்த கடிதத்தோடு இங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தேன். உதவியாளர் வேலை, நிரந்தரமில்லை. விண்ணப்பத்தில் கண்ணைப் பற்றிய கேள்வியே இல்லை. ஓரத்தில் நானே எழுதினேன்: சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரித்துத் தெரியாது. அதை வாங்கிப் பார்த்த கூடத்தின் பொறுப்பாளர் பார்வதி மேடம், "இதை யாரும் கேக்கலையே" என்றார். "முன்னாடியும் யாரும் கேக்கலை மேடம்" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு உள்ளே அழைத்துப் போனார்.

உள்ளே ஓர் இருட்டறை. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தூண். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்கிறார்கள். அடியில் சின்னத் திரை மங்கலாக ஒளிரும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் புள்ளியாகக்கூடத் தெரியாதவை அதில் வந்து நிற்கும். ஓர் உயிரணுவின் உள்ளே மடிப்பு மடிப்பாக அறைகள், நடைவழிகள், வாசல்கள். நான் மாதிரிகளை மெல்லியதாகச் சீவித் தண்ணீரில் மிதக்க விட்டு எடுத்துத் தருகிறேன். சந்தேகம் வந்தால் கேட்கிறேன். ஒரு நாளில் பத்து முறையாவது கேட்கிறேன்.

சென்ற வாரம் கல்லூரி மாணவிகள் பார்க்க வந்தார்கள். திரையில் ஒரு வைரஸ் நின்றிருந்தது. ஆறு பட்டை, மணி போல. மேடம் எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் பின்னால் நின்ற ஒரு பெண் கேட்டாள்.

"இது சாம்பலாத் தெரியுதே மேடம். நிஜத்துல இது என்ன கலர்?"

"நிஜத்துலயும் ஒண்ணுமில்லம்மா. இது வெளிச்சத்தோட அலையை விடச் சின்னது. வெளிச்சம் இதைத் தொட்டுக் காட்டவே முடியாது. இதுக்கு நிறம்னு ஒண்ணு கிடையாது."

இருட்டில் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு. நான் பார்த்ததைத்தான் அவர்களும் பார்த்தார்கள்.

வேலை நேரம் ஆகிவிட்டது. குழந்தைக்கு என் முத்தம். பதிலைத் தாமதிக்காதே.

உன் சுகதன்